கெடாத பண்டம்

1979-ஆம் ஆண்டு தை மாதம் என் அத்தையைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்தவர்கள், வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு ஒரு தகர டப்பா நிறையக் கடலை மிட்டாயும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருவாரூர்ப் பக்கத்தில் வாத்தியார் வேலை. பையனைப் பற்றி யாருக்கும் குறையில்லை. ஊரைப் பற்றித்தான் தாத்தாவுக்குக் குறை. "வெட்டாத்தங்கரையில பொறந்த பொண்ணைக் குடத்தோட வரிசையில நிக்கவா அனுப்புறது?" என்று கேட்டுவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. வந்தவர்கள் முகம் கோணாமல் எழுந்து போனார்கள். டப்பா மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அத்தையைப் பிறகு மன்னார்குடியில் கட்டிக்கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு அப்போது வயது 22. "ஒரு மாசம் வச்சுத் தின்னோம் பாப்பா. கடைசி வில்லையும் மொத வில்லை மாதிரியே மொறுமொறுன்னு இருந்துச்சு" என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் கொரடாச்சேரிப் பக்கம் பலகாரம் என்றால் அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்ப்பதுதான். கொழுக்கட்டை மறுநாள் நூல்விடும். சட்னி மத்தியானமே புளிக்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் காலைக்கு ஆகும். முறுக்கும் அதிரசமும் தீபாவளியோடு சரி. ஒரு மாதம் கெடாமல் கிடந்த தின்பண்டம் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஊரைப் போய்ப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. நெல் விட்டால்தானே?

இந்த ஆடியில் குறுவை நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மடை பார்க்கப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்தார். நான் அலுவலகம் முடிந்து வந்ததும் காரை எடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் எங்கள் கையில் இருந்தது.

விருதுநகர்

மதுரையைத் தாண்டியதும் இருட்டில் ஊர்களின் விளக்குகள் விலகி விலகி வந்தன. "வீட்டுக்கும் வீட்டுக்கும் இவ்வளவு தூரமா?" என்றார் அப்பா. எங்கள் பக்கம் ஓர் ஊர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் திண்ணை தொடங்கிவிடும்.

விருதுநகரில் இறங்கியபோது மணி ஒன்பதரை. காமராசர் பிறந்த ஊர். ஜூலை 15 போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து அவரை நினைக்காமல் அப்பாவால் சாப்பிட உட்கார முடியாது. காமராசர் மதியச் சோறு போட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவர் அப்பா.

விருதுநகர் எண்ணெய் புரோட்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் செய்வதைக் கண்ணால் பார்ப்பது வேறு. உருட்டிய மாவை மாஸ்டர் வீசி விரிக்கிறார். கைக்குட்டை அளவு மாவு மேசை அளவுக்குப் போகிறது. சுருட்டி, தட்டி, கல்லில் போடுகிறார். கல்லின் நடுவில் பள்ளம், பள்ளம் நிறைய எண்ணெய். புரோட்டா அதில் மிதந்து, பொன்னிறமாகி, ஓரமெல்லாம் மொறுமொறுத்து வெளியே வருகிறது. இலையில் விழும்போது அப்பளம் உடைகிற சத்தம். அதை நொறுக்கி மேலே சால்னாவை ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊறவிட்டால் ருசி போய்விடும். மேலே நனைந்தும் உள்ளே மொறுமொறுப்பாகவும் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், பருப்பு மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர், அப்பாவிடம் ஊர் கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம், விவசாயம் என்றதும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க என்ன விளையுதுங்க?" என்று அப்பா கேட்டார்.

"இங்க ஒண்ணும் விளையாதுங்க ஐயா. ஆனா எங்க எது விளைஞ்சாலும் விலை இங்கதான் வைப்பாங்க."

மிளகாய், பருப்பு, எண்ணெய், மல்லி என்று தென் மாவட்டங்களின் சரக்கெல்லாம் வந்து குவிந்து போகும் ஊர். நிலம் கைவிட்ட ஜனங்கள் தராசைப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய் வியாபாரம் கொழித்த ஊரில் புரோட்டாவும் எண்ணெயில் மிதந்ததில் ஆச்சரியமில்லை என்று எனக்குப் பட்டது. அப்பா மூன்று சாப்பிட்டார். வீட்டில் இரவு இரண்டு இட்லிக்கு மேல் தொடாதவர்.

சாத்தூர்

விடிந்ததும்தான் நிலம் கண்ணில் பட்டது. சாலையின் இரண்டு பக்கமும் கறுப்பு. உழுதுபோட்ட கறுப்பு, வெடித்துக் கிடக்கும் கறுப்பு, நடுநடுவே சீமைக்கருவேலம். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தார்.

வைப்பாற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார். ஆற்றில் மணலும் முள்ளும்தான். எங்கள் ஆறுகளில் மேட்டூர்த் தண்ணீர் வந்து கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. "ஆடி மாசத்துல ஆத்தை இப்படிப் பாக்கக் கூடாதும்மா" என்றார். இழவு வீட்டுக்கு வந்தவர் குரலில் சொன்னார்.

சேவுக்கடையின் பின்கட்டில் அடுப்பு மூட்டி வெகுநேரம் ஆகியிருந்தது. கடலை மாவும் அரிசி மாவும் கலந்து, வத்தலும் பூண்டும் அரைத்துப் பிசைந்த மாவைக் கண் கண்ணாக ஓட்டை போட்ட தட்டில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். நூலாக இறங்காமல் துண்டு துண்டாக, கொஞ்சம் முரடாக எண்ணெயில் விழுகிறது. அந்த முரட்டுத்தனம்தான் சாத்தூர்ச் சேவு. நம் ஊர்களில் கிடைக்கும் சேவு பல்லில் பட்டதும் மாவாகிவிடும். இது கடிபட்டு, உடைந்து, அதன் பிறகே காரத்தை விடுகிறது. தொண்டையில் இறங்கும்போது பூண்டு தெரிகிறது.

தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் வேலையை நிறுத்தாமலே பேசினார். "மழைக்காலத்துல ரெண்டு மடங்கு பொரிக்க வேண்டியிருக்கும். காத்துல ஈரம் இருந்தா சேவு தளந்துரும். எங்க ஊர்ல ஈரம் கம்மி. அது எங்களுக்கு நல்லதாப் போச்சு."

ஈரம் கம்மியாக இருப்பது நல்லது என்று ஒரு மனிதர் சொல்லி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்று ஊரிலும் தீப்பெட்டித் தொழில் பிடித்ததற்கும் இந்தக் காய்ந்த காற்றுதான் துணை. பேனா நிப்பு செய்வதற்கும் சாத்தூர் ஒரு காலத்தில் பேர்போன ஊர். என் தலைமுறைக்கே அது மறந்துவிட்டது. அப்பாவுக்கு நினைவிருந்தது. "நிப்பு வாங்குறப்ப சாத்தூர் நிப்பான்னு கேட்டு வாங்குவோம்" என்றார்.

கோவில்பட்டி

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, உழுத நிலத்தில் பத்தடி நடந்து, ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். விரலுக்கு நடுவில் தேய்த்தார். முகர்ந்தார். "மண்ணுல குத்தம் இல்ல. நம்ம களிமண்ணை விட வளம். தண்ணிதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆட்டுக்குட்டிகளை ஓட்டிவந்த ஓர் அம்மாள், யாரோ நிலம் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு விவரம் சொன்னார். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு. பிறகு கரிசல் அந்த ஈரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். மார்கழிப் பனியிலேயே கதிர் பிடித்துவிடும். தையில், மாசியில் வீடு வந்து சேரும். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. "மழை பொய்ச்சா அதுவும் இல்ல. அந்த வருசம் சேத்து வச்சதுதான்." சேர்த்து வைப்பது என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், எங்கள் வீட்டுக் குதிரில் நெல் கொட்டி வைப்பதில் இல்லாத ஒரு கவனம் இருந்தது.

கடலை மிட்டாய் போடும் இடத்துக்குக் கடைக்காரரே அழைத்துப் போனார். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இப்படிப் பார்க்க வருபவர்கள் கூடியிருக்கிறார்களாம். முதலில் கடலையை வறுக்கிறார்கள். தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, கருகியதையும் சொத்தையையும் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். இந்த வேலையில்தான் தரம் இருக்கிறது. ஒரு கசப்புக் கடலை போதும், ஒரு வில்லை போய்விடும். அடுத்த அடுப்பில் வெல்லப் பாகு. பதம் பார்க்கக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுகிறார் மாஸ்டர். உருண்டு, கையில் தட்டினால் கண்ணாடி உடைவதுபோல் உடைய வேண்டும். ஒரு கொதி முன்னே பின்னே போனால் பல்லில் ஒட்டும், இல்லை கசக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். மேலே இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தேங்காய்த் துருவல்.

முன்பெல்லாம் கருப்பட்டிப் பாகில்தான் செய்தார்களாம். 1940-களில் சந்தைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார்தான் கரும்பு வெல்லத்துக்கு மாற்றியவர் என்று ஊரில் சொல்கிறார்கள். பாகுக்குத் தாமிரபரணித் தண்ணீர் என்பதில் அவர்களுக்குப் பெருமை. குழாய் வழியாக அங்கிருந்து வரும் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது.

சூடு முழுவதும் ஆறாத ஒரு வில்லையை மாஸ்டர் அப்பாவின் கையில் வைத்தார். அப்பா கடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்த ருசி நேரில் வரும்போது பாதி ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று எனக்கு உள்ளூர பயம். அவர் மென்று முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"அதேதான்" என்றார்.

எட்டயபுரம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கால் மணி நேரத்தில் எட்டயபுரம். எல்லோரும் பாரதிக்காக வருவார்கள். நாங்களும் வணங்கினோம். அப்பாவுக்கு இன்னொரு கடனும் இருந்தது.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் உயிர் விட்ட ஊர் இது. சமாதி இங்கேதான். கமலாலயக் குளத்தங்கரையில் வளர்ந்தவர், தண்ணீருக்கு ஏங்கும் சீமைக்கு வந்து, வாடிக் கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று ஒரு கதை உண்டு. மழை வந்ததா என்பதை விட, பார்த்ததும் அவருக்குப் பாடத் தோன்றியது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்த மண்ணைப் பார்த்துத் தாத்தாவைப் போல முகம் சுளிக்கவில்லை. இங்கேயே தங்கியும்விட்டார்.

சமாதிக்கு முன்னால் அப்பா வெகுநேரம் கைகட்டி நின்றார். வெளியே அனல் காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடி

உப்பளங்கள் முதலில் கண்ணைக் கூசச்செய்தன. பிறகுதான் மனிதர்கள் தெரிந்தார்கள். தலையில் துண்டு, காலில் பூட்ஸ், கையில் நீளக் கம்பு பூட்டிய வாருபலகை. விடிவதற்கு முன்பே இறங்கி வெயில் ஏறும்போது கரையேறுகிறவர்கள். கடைசிச் சிலர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் வருஷக்கணக்கில் கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண் தன் சிவந்த கண்ணைக் காட்டினார். நம் சோற்றில் விழும் உப்பில் அந்தக் கண் இருக்கிறது.

அப்பா வேதாரண்யத்தில் உப்பளம் பார்த்தவர். அதனால் வேறு ஒன்றைக் கவனித்தார். பாத்தி, வரப்பு, விளைச்சல் என்று அவர்கள் பேசுவதெல்லாம் வயலில் நாம் பேசும் சொற்கள். நிலத்தடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். "நமக்குத் தண்ணி வேணும். இவங்களுக்கு மழை வந்தா விளைச்சல் போச்சு" என்றார். ஒரே வானத்தைப் பார்த்து இருவர் எதிர்எதிராக வேண்டிக்கொள்வதை அவர் அன்று முழுவதும் யோசித்தபடி வந்தார்.

மத்தியானச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில். "சீலா இருக்கு, விளமீன் இருக்கு" என்றார் பரிமாறிய அக்கா. நாம் வஞ்சிரம் என்பதுதான் இங்கே சீலா. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. எங்கள் பக்கத்துப் புளிக்குழம்பை விட நிதானமானது. மீனின் ருசியை மூடாமல் கூடவே வருகிறது. அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கியதும், அந்த அக்கா கேட்காமலே குழம்புச்சட்டியோடு வந்து நின்றார்.

பனிமய மாதா கோயிலில் கொடியேறிய நாள் அது. ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் ஊர் இப்படித்தான் ஜொலிக்கும். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துதான் மக்ரூன் வாங்கினோம். போர்ச்சுக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். அவர்கள் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் பண்டம் இது. பாதாமுக்குப் பதில் முந்திரி சேர்ந்ததும் தூத்துக்குடிக்குச் சொந்தமாகிவிட்டது. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நுரை கட்டி நிற்கும்வரை அடித்து, முந்திரிப் பொடி கலந்து, கூம்பு கூம்பாகச் சுற்றி வைத்து, மெல்லிய சூட்டில் உலர விடுகிறார்கள். நாக்கில் வைத்ததும் கரைகிறது. முந்திரி மட்டும் மிஞ்சுகிறது.

"காத்துப் படாம மூடி வைங்க. நமுத்துச்சுன்னா அப்புறம் அது மக்ரூன் இல்ல" என்றார் கடைக்காரர். கடலோரத்தில், காற்றே ஈரமாக இருக்கும் ஊரில், காற்றுப் படக்கூடாத பண்டத்தைச் செய்து பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆத்தூர்

திருச்செந்தூர் சாலையில் முக்காணி, ஆத்தூர் பக்கம் வரும்போது, சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் பச்சையாகிவிட்டது. வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். பாலத்துக்கு அடியில் தாமிரபரணி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார். நேற்று இரவிலிருந்து அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் விலகியது. பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிக் கடலில் சேரும் ஆறு. "இதை யாருகிட்டயும் கேட்டு வாங்க வேண்டாம்" என்றார். காவிரிக்காரர் ஒருவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு கவுளி வாங்கி, அங்கேயே ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார். கும்பகோணம் வெற்றிலையை வாழ்நாள் முழுவதும் போட்ட வாய். "காரம் கூடுதல். நல்லா இருக்கு" என்று ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

அன்றிரவு திருச்செந்தூரில் தங்கி, விடியற்காலையில் கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் நீராடி, செந்திலாண்டவனைக் கும்பிட்டோம். உப்புக் கடலின் ஓரத்தில் அந்த ஊற்று நல்ல தண்ணீராகச் சுரப்பதை அப்பா உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்த்தார். பன்னீர் இலை விபூதியை மடித்து அம்மாவுக்காகப் பையில் வைத்துக்கொண்டார்.

தேரிக்காடு

உடன்குடிப் பக்கம் உள்ளே திரும்பியதும் மண் சிவப்பாகிறது. செம்மண் என்று சொன்னால் போதாது. காற்று கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல், மேடு மேடாக, கண்ணுக்கெட்டும் தூரம்வரை. இரும்புச் சத்து மணலின் மேல் ஏறிப் படிந்த நிறம் அது. ஆடிக்காற்று அந்த மணலைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு ஓடியது. நடுநடுவே முந்திரியும் உடைமரமும். மற்றதெல்லாம் பனை.

ஒரு விடிலியின் முன் போய் நின்றோம். பதநீர் காய்ச்சுவதற்காகப் பனையோலையால் வேய்ந்த குடிசை. அண்ணாச்சி அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் குடுவை, அருவாள் பெட்டி. மார்பில் மரம் தேய்த்துத் தேய்த்து ஏறிய காய்ப்பு. "வாங்க ஐயா, பதனி குடிச்சிட்டுப் பேசலாம்" என்று ஓலையைப் பட்டையாக மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

இளம் சூடு, சுண்ணாம்பின் லேசான மணம், பிறகு எந்தச் சர்க்கரையிலும் இல்லாத ஒரு தித்திப்பு. பட்டையில் குடிக்கும்போது ஓலையின் வாசமும் சேர்ந்துகொள்கிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டாம் பட்டை, மூன்றாம் பட்டை.

"ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டுபோலாமா? வீட்டுக்காரிக்கு" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்த அண்ணாச்சியின் மனைவி சிரித்தார். "பதனி பகலே தாண்டாது ஐயா. மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும். தாண்டும்னா நாங்க எதுக்கு இந்த அடுப்புக்கு முன்னால வேகுறோம்?"

அவர் முன்னால் பெரிய தாச்சியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். காய்ந்த பனைமட்டைதான் விறகு. பொங்கும்போது கிண்ட வேண்டும், அடங்கும்போது தீயைக் கூட்ட வேண்டும், பதம் வரும்போது கண்ணைச் சிமிட்டக்கூடாது. கெட்டியாகிக் கூப்பனிப் பதம் வந்ததும் துளி எடுத்து எங்கள் உள்ளங்கையில் விட்டார். புகையும் இனிப்பும் கலந்த அந்தச் சொட்டுக்கு ஈடாக நான் இதுவரை ஒரு மிட்டாயும் தின்றதில்லை. பிறகு இறக்கிக் கிளறி, வரிசையாக அடுக்கி வைத்த சிரட்டைகளில் ஊற்றினார். ஆறியதும் தட்டினால் அரைக்கோளமாகக் கழன்று வந்தது.

அண்ணாச்சி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை முப்பது மரம் ஏறுகிறார். பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். தையில் தொடங்கிய சீசன் ஆடியோடு முடிகிறது. பையன்கள் இருவரும் வெளியூரில். "இந்த வேலைக்கு வரச் சொல்ல எனக்கே மனசு வரல" என்றார். சந்தையில் சீனி கலந்த சரக்கு பாதி விலைக்கு வந்து நிற்கிறது. பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், நல்ல கருப்பட்டி மங்கலாகத்தான் இருக்கும் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தார். சொன்ன விலையைக் குறைத்துக் கேட்காமல் வாங்க வேண்டிய பண்டம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். முப்பது மரத்தின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அதைக் குறைத்துக் கேட்க வாய் வராது.

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். காற்று வேட்டியில் சிவப்பைத் தூவிக்கொண்டிருந்தது. தன் வயல் எப்படி, அண்ணாச்சியின் மரம் எப்படி என்று இருவரும் சகலைகள் மாதிரி பேசினார்கள். மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று அப்பா கேட்டபோது அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"பனைக்கா? யாரு ஐயா ஊத்துனா?"

அப்பா அண்ணாந்து அந்த மரத்தை உச்சிவரை பார்த்தார். எழுந்திருக்கும்போது பத்துக் கிலோ கருப்பட்டி சொன்னார். ஓலைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.

இடைசெவல், மறுபடியும் கோவில்பட்டி

திரும்பும்போது திருநெல்வேலி வழி. அல்வாக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதற்கு ஒரு தனிப் பயணம் வேண்டும் என்று நிற்காமல் வந்துவிட்டோம்.

சூரியன் இறங்கும் நேரத்தில் இடைசெவல் வந்தது. நெடுஞ்சாலையில் கண்ணிமைத்தால் தவறிவிடும் ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த மண். சாகித்திய அகாதெமி விருது வாங்கிய இரண்டு பேர் ஒரே சிற்றூரிலிருந்து, ஒரே தலைமுறையில். விளக்கு வைக்கும் நேரத்தில் கரிசல் கறுப்பிலிருந்து ஊதாவாக மாறியது. இந்த நிலத்தின் சாப்பாடும் சண்டையும் கி.ரா. எழுத்தில் படித்து எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊதாவை இப்போதுதான் பார்த்தேன். காரை ஓரம் கட்டிவிட்டு இருட்டும்வரை நின்றோம். கையில் சாத்தூர்ச் சேவு இருந்தது. அன்று காலையில் பொரித்தது போலவே இருந்தது.

கோவில்பட்டியில் மறுபடியும் நிறுத்தச் சொன்னார் அப்பா. நேற்றுப் போன அதே கடை. இரண்டு கிலோ கேட்டார்.

"டப்பாவுல போட்டுத் தருவீங்களா? தகர டப்பா."

"இப்ப டப்பா இல்லீங்க ஐயா. பாக்கெட்தான்" என்றான் கடைப் பையன்.

அப்பா பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். எதிர்ப்பக்கம் பாத்திரக்கடையில் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லி நிறுத்தி, உள்ளே போய், இறுக்கமான மூடி போட்ட ஒரு சம்புடத்தோடு வந்தார். காரின் பின்சீட்டில் விளக்கைப் போடச் சொல்லி, பாக்கெட்டுகளைப் பிரித்து, வில்லைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். ஓர் அடுக்கு முடிந்ததும் காகிதம், அதன் மேல் அடுத்த அடுக்கு. மூடியை அமுக்கிப் பார்த்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்காப்பா?"

பதில் இல்லை. சாத்தூர் தாண்டும்வரை இல்லை. வைப்பாற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது, இருட்டில் ஆறு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அந்த டப்பாவை வீட்டுல எல்லாரும் தின்னோம் பாப்பா. உங்க அத்தை மட்டும் ஒண்ணுகூட எடுத்துக்கல."